ஃபென்ட்: ஆடுகள் போட்ட பாதையும் அதன் மேலே நிற்கும் சிகரங்களும்

ஜூன் மாத நடுவில், விடிவதற்கு முன்பே, இத்தாலியின் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து செம்மறி மந்தைகள் கிளம்புகின்றன. மேலே பனி இன்னும் முழுசாகக் கரைந்திருக்காது. மேய்ப்பர்கள் முன்னால் போய்ப் பனியை மிதித்துத் தடம் போட, ஆடுகள் வரிசை கட்டிப் பின்னால் ஏறும். பிறந்து சில நாளே ஆன குட்டிகளை ஆள்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். 3,000 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி மந்தை ஆஸ்திரியாவுக்குள் இறங்கும். மூவாயிரம் ஆடுகளுக்குக் குறையாமல் இப்படி வந்து, கோடை முழுக்க மேய்ந்துவிட்டு, செப்டம்பரில் அதே வழியே ஊர் திரும்புகின்றன. புல் வளரும் மண் ஆஸ்திரியாவில் இருக்கிறது. ஆடுகளும் மேய்ச்சல் உரிமையும் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் விவசாயிகளுடையவை.

மந்தை வந்து இறங்கும் பள்ளத்தாக்குகளின் வாயில் ஃபென்ட் என்ற சின்னஞ்சிறு ஊர் இருக்கிறது. டிரோல் மாநிலத்தில், ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், கடல்மட்டத்திலிருந்து 1,895 மீட்டர் உயரத்தில். நூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். ஒரு தேவாலயம், சில விடுதிகள், அதோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் இரண்டு பள்ளத்தாக்குகள் கிளை பிரிகின்றன: தென்மேற்கே ரோஃபன்டால், தெற்கே நீடர்டால். சுற்றிலும் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள். ஆஸ்திரியாவின் இரண்டாவது உயரமான மலையான வில்ட்ஸ்பிட்ஸ, 3,768 மீட்டர், இந்த ஊருக்கு நேர் மேலே நிற்கிறது.

இப்போது இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிகரங்களுக்காக வருகிறார்கள். ஆனால் அவர்கள் காலடியில் இருக்கும் பாதைகளில் முக்கியமானவை சிகரங்களுக்காகப் போடப்பட்டவை இல்லை. கணவாயைத் தாண்டுவதற்காக, மந்தைக்காக, மறுபக்கத்து உறவுக்காரர்களைப் பார்ப்பதற்காக உண்டானவை. இங்கே பாதைக்கு வயது பல ஆயிரம் ஆண்டுகள். சிகரம் ஏறும் பழக்கத்துக்கு இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஃபென்ட்டைச் சுற்றிய மலைகள் வேறு மாதிரி தெரியத் தொடங்கும். நடப்பவர்கள் இரவு தங்கும் எந்தக் குடில் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, எந்த வழி எளிது, இப்போது எந்த வழி ஆபத்தாகிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அதிலிருந்துதான் புரியும்.

ஊர்ப்பெயர்களிலேயே இது ஒளிந்திருக்கிறது. இங்கே கணவாய்க்கு 'யோஹ்' என்று பெயர். நீடர்யோஹ், ஹோஹ்யோஹ், டீசன்யோஹ் என்று வரைபடம் முழுக்க அந்தச் சொல் கிடக்கும். ஜெர்மன் மொழியில் அதன் பொருள் நுகம். இரண்டு மாடுகளைப் பூட்டும் அதே நுகம்தான். இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்து வளைந்து கிடக்கும் மேட்டை நுகம் என்று அழைத்தவர்கள் மாடு கட்டி உழுதவர்கள். அதேபோல 'ஆல்ம்' அல்லது 'ஆல்ப்' என்றால் மலைவாசிகளின் வாயில் கோடைகால மேய்ச்சல் நிலம்தான். வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஆல்ப்ஸ் என்றதும் வெள்ளைச் சிகரம் கண்ணில் வரும். பனியாற்றுக்கு இந்தப் பகுதியில் 'ஃபெர்னர்' என்பார்கள். போன வருடத்துப் பனி என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது. போன வருடத்துப் பனி இந்த வருடமும் கிடந்தால் அது ஃபெர்னர். பனியாறு என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தெற்கிலிருந்து வந்த ஊர்

ஊரிலிருந்து நீடர்டால் வழியே கொஞ்ச தூரம் ஏறினால், சுமார் 2,050 மீட்டர் உயரத்தில், பாதையோரம் ஒரு பெரிய பாறை சாய்ந்து நிற்கிறது. ஹோலர் ஷ்டைன், அதாவது குடைந்த கல் என்று பெயர். பாறையின் அடியில் ஒதுங்க இடம் உண்டு. 1990-களில் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் இங்கே தோண்டியபோது கற்கால வேட்டைக்காரர்கள் விட்டுப்போன கல்கருவிகள் கிடைத்தன. 9,000 ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ இந்தப் பாறைக்கடியில் உட்கார்ந்து கருவி செதுக்கியிருக்கிறார்கள். மரங்கள் வளரும் எல்லையை ஒட்டி, காற்றுக்கு மறைவாக, மான் வரும் வழியைப் பார்த்தபடி இருக்கும் இடம். இன்றைக்கு மழை வந்தால் நடைப்பயணிகளும் ஒதுங்கக்கூடிய பாறைதான்.

அதே பள்ளத்தாக்கின் உச்சியில், 3,210 மீட்டர் உயரத்தில் இருக்கும் டீசன்யோஹில்தான் 1991 செப்டம்பர் 19 அன்று நூரம்பெர்க்கைச் சேர்ந்த ஹெல்முட், எரிக்கா சைமன் தம்பதியர் பனிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஓர் உடலைக் கண்டார்கள். ஃபினைல்ஷ்பிட்ஸ சிகரத்திலிருந்து இறங்கும்போது வழக்கமான தடத்தை விட்டு விலகி நடந்ததால் கண்ணில் பட்டது. சமீபத்தில் விபத்தில் இறந்த மலையேறி என்றே முதலில் எண்ணினார்கள். 5,300 ஆண்டுகள் பழையது என்று பிறகு தெரிந்தது. ஓட்ஸ்டால் பெயரால் ஓட்சி என்று உலகம் அழைக்கும் அந்த மனிதர், எல்லையை அளந்து பார்த்தபோது, இத்தாலிக்குள் 92 மீட்டர் சொச்சத்தில் கிடந்தது தெரியவந்தது. அதனால்தான் அவர் இப்போது இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

ஓட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவது அவர் இடது தோளில் தைத்திருந்த அம்புமுனையைப் பற்றி. 2001-ல்தான் அது எக்ஸ்ரேயில் தெரிந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் குடலில் இருந்த மகரந்தம். தெற்கே வெதுவெதுப்பான தாழ்வான பள்ளத்தாக்குகளில் வளரும் ஒரு மரத்தின் மகரந்தம் அது. குடலின் வெவ்வேறு பகுதிகளில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, கடைசி ஒன்றிரண்டு நாள்களில் அவர் மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கையில் வைத்திருந்த தீக்கல் தெற்கே வெரோனாவுக்கு அருகிலுள்ள மலைகளிலிருந்து வந்தது. கோடரியின் செம்பு இன்னும் தெற்கே டஸ்கனியிலிருந்து. அதாவது, அவர் வழி தவறிப் பனிப்பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட ஆள் இல்லை. தெற்கு உலகத்தின் மனிதர், போக்குவரத்து இருந்த ஒரு கணவாயில் இறந்திருக்கிறார். அப்போதே மந்தைகள் இந்தக் கணவாயைக் கடந்தனவா என்பதில் தொல்லியலாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆள்கள் கடந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

ஃபென்ட் ஊரே இப்படித் தெற்கிலிருந்து மலையைத் தாண்டி வந்தவர்களால் உண்டானது. வரைபடத்தைப் பார்த்தால் ஓட்ஸ்டாலின் கடைசி ஊர் என்று தோன்றும். வடக்கே ஸோல்டன் பக்கம் போகும் வழியோ குறுகிய மலையிடுக்கு. பனிச்சரிவும் கற்சரிவும் அடிக்கடி மறித்த வழி. தெற்கே 3,000 மீட்டர் உயரம் வரை ஏற வேண்டும் என்றாலும் அது திறந்த, பழகிய வழி. எனவே உறவும் வழக்கும் தெற்கோடு இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிர்வாகமும் அந்தப்பக்கத்தோடுதான் சேர்ந்திருந்தது. ஷ்னால்ஸ் மேய்ச்சல் உரிமையைப் பற்றிய எழுத்துச் சான்று 1415-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பின் 1919-ல் ஷ்னால்ஸ் இருக்கும் தென் டிரோல் இத்தாலிக்குப் போனது. கணவாய்மேல் நாட்டெல்லை விழுந்தது. ஆடுகளின் உரிமை மட்டும் அப்படியே நீடித்தது. இந்தக் கால்நடைப் பெயர்ச்சி மரபை யுனெஸ்கோ 2019-ல் மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது.

பாதிரியார் போட்ட கணக்கு

1860-ல் ஃபென்ட்டுக்கு ஃப்ரான்ஸ் ஸென் என்ற இளம் பாதிரியார் வந்தார். ஓட்ஸ்டாலிலேயே, லெங்கன்ஃபெல்டில் 1831-ல் பிறந்தவர். ஊர் மிக வறிய ஊர். உருளைக்கிழங்கும் பார்லியும் ஒழுங்காக விளையாத உயரம். ஆடும் மாடும் தவிர வேறு வழியில்லை. நகரத்திலிருந்து சிலர் மலை பார்க்க வருகிறார்கள் என்பதை ஸென் கவனித்தார். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், நடக்கப் பாதை வேண்டும், கூட்டிப்போக நம்பகமான வழிகாட்டி வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஊரில் பணம் புழங்கும் என்பது அவர் கணக்கு. பாதிரியார் வீட்டையே பெரிதாக்கி விருந்தினரைத் தங்கவைத்தார். பாதைகளைச் செப்பனிட்டார். ஊர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தார். தாமே சிகரங்கள் ஏறினார். பனியாற்றுப் பாதிரியார் என்று பெயரே வந்துவிட்டது.

அன்றைக்கு வியன்னாவில் 1862-ல் தொடங்கிய ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் என்ற மலையேற்றச் சங்கம் இருந்தது. ஆனால் அது கூட்டம் நடத்துவதிலும் புத்தகம் போடுவதிலும் காட்டிய அக்கறையை மலைமேல் பாதை போடுவதில் காட்டவில்லை என்பது ஸென்னின் மனக்குறை. ப்ராக் நகர வணிகர் யோஹான் ஷ்ட்யூடல், மியூனிக்கைச் சேர்ந்த கார்ல் ஹோஃப்மன், தியோடோர் டிராவ்ட்வைன் ஆகியோரோடு சேர்ந்து 1869-ல் மியூனிக்கில் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தைத் தொடங்கினார். 1873-ல் இரு சங்கங்களும் இணைந்தன. ஸென் அதற்கு முன்பே, 1872-ல், கடனோடு ஃபென்ட்டை விட்டுப் போயிருந்தார். பாதைக்கும் வீட்டுக்கும் கைக்காசையும் கடன் வாங்கிய காசையும் போட்டவர் அவர். 1884-ல் ஷ்டூபாய் பள்ளத்தாக்கில் இறந்தார். கிழக்கு ஆல்ப்ஸ் முழுக்க இன்று நடப்பவர்கள் அனுபவிக்கும் குடில்களும் பாதைகளும் பெருமளவு இந்த மனிதரின் பிடிவாதத்திலிருந்து வந்தவை. ஏழை ஊரின் பிழைப்புக்காகப் போட்ட ஒரு கணக்கு இத்தனை தூரம் போயிருப்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாகவே இருக்கிறது.

சங்கம் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் விசேஷமானது. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் மலையில் ஒரு பகுதி. அந்தப் பகுதியின் பாதையும் குடிலும் அந்த நகரத்தின் பொறுப்பு. மலையே இல்லாத சமவெளி நகரங்கள்கூட இப்படி மலைக்குச் சொந்தக்காரர்கள் ஆயின. ஃபென்ட்டுக்கு மேலே 2,844 மீட்டரில் இருக்கும் ப்ரெஸ்லாவர் குடில் 1882-ல் கட்டப்பட்டது. கட்டியது இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் ப்ரெஸ்லாவ் நகரக் கிளை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அந்த நகரமே கை மாறி, கிளை ஜெர்மனியில் வேறு ஊரில் மறுபடி தொடங்கியது. குடில் பழைய பெயரோடு நிற்கிறது. 2,755 மீட்டரில் இருக்கும் ஃபெர்னாக்ட் குடில் வ்யூர்ட்ஸ்பர்க் கிளையினுடையது. ப்ராண்டன்பர்கர் ஹவுஸ் 3,277 மீட்டரில், பனியாறுகளுக்கு நடுவே ஒரு பாறைத்திட்டில் இருக்கிறது. ஜெர்மன் சங்கத்தின் குடில்களில் மிக உயரமானது அதுதான்.

இந்தச் சங்கத்தின் கதையில் இருட்டான பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. யூதர்களை விலக்கும் விதிகளைப் பல கிளைகள் 1920-களிலேயே, அதாவது நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு வெகு முன்பே, எழுதிக்கொண்டன. அப்படி விலக்கப்பட்டவர்கள் சேர்ந்து அமைத்த டொனாவ்லாண்ட் கிளையை 1924-ல் சங்கம் வெளியேற்றியது. மலை எல்லோருக்கும் பொது என்று குடில் வாசலில் நின்று பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மலை யாருக்கு

இனி மலைகள். பட்டியல் போட்டால் முடியாது. ஆனால் ஃபென்ட்டைச் சுற்றி நடக்க வருகிறவர்களுக்கு ஒரு பாகுபாடு தெரிந்திருந்தால் போதும்: பனியாற்றைத் தொடாமல் போகக்கூடியவை, தொட்டே ஆகவேண்டியவை.

முதல் வகையில் மிக எளியது வில்டஸ் மன்லெ. 3,000 மீட்டரைச் சற்றே தாண்டும் உச்சி. ஊரிலிருந்து நாற்காலி லிஃப்ட் 2,356 மீட்டரில் உள்ள ஷ்டாப்லைன் வரை போகிறது. அங்கிருந்து ஒழுங்கான பாதை. அனுபவம் குறைந்தவர்கள் தங்கள் முதல் மூவாயிரத்தை ஏற இது நல்ல இடம். ஆனால் என் மனதுக்கு நெருங்கியது க்ராய்ட்ஸ்ஷ்பிட்ஸ. ஏறக்குறைய 3,455 மீட்டர். 2,501 மீட்டரில் உள்ள மார்ட்டின் புஷ் குடிலிலிருந்து 950 மீட்டர் ஏற்றம். வழியில் ஒரு சிறு ஏரி. பனியாறு குறுக்கே வராது; கயிறு தேவையில்லை. அந்த உயரத்தில் கால்நடையாகவே ஏறிவிடக்கூடிய சிகரங்கள் கிழக்கு ஆல்ப்ஸில் அதிகம் இல்லை. உச்சியில் நின்றால் வடக்கே வில்ட்ஸ்பிட்ஸ, தெற்கே ஸிமிலாவுன், மேற்கே வைஸ்கூகல் என்று மொத்தப் பிரதேசமும் விரிந்து கிடக்கும். சுற்றிப் பார்க்கவேண்டும் என்று வருகிறவர்கள் மிக உயர்ந்த உச்சியைத் தேடிப் போகவேண்டியதில்லை. நடுவில் இருக்கும் இது போதும்.

இரண்டாவது வகையில் ஸிமிலாவுன், 3,600 மீட்டரை ஒட்டியது. நீடர்யோஹில் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸிமிலாவுன் குடிலிலிருந்து பனியாற்றின்மேல் ஏறிப் போகவேண்டும். சாய்வு அதிகமில்லை, அதனால் எளிது என்று பெயர் வாங்கியிருக்கிறது. சாய்வு குறைவாக இருந்தாலும் பனிப்பிளவு பனிப்பிளவுதான். மேலே புதுப்பனி மூடியிருந்தால் பிளவு இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கும்படி கயிற்றால் இணைந்து, காலணிக்கடியில் இரும்பு முள் கட்டி, பனிக்கோடரியோடு போவது எதற்கென்றால் இதற்குத்தான். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் வழிகாட்டியோடு போகவேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

வில்ட்ஸ்பிட்ஸவை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலில் ஏறியவர் லியாண்டர் க்ளோட்ஸ். ஃபென்ட்டுக்குச் சற்று மேலே, 2,014 மீட்டரில் இருக்கும் ரோஃபன் பண்ணைக்காரர். ஆஸ்திரியாவில் ஆண்டு முழுக்க ஆள் வாழும் மிக உயரமான மலைப்பண்ணைகள் அவை. வழக்கமான பாதை ப்ரெஸ்லாவர் குடிலிலிருந்து மிட்டர்கார் பனியாற்றைத் தாண்டி, மிட்டர்கார்யோஹ் என்ற செங்குத்தான இடுக்கு வழியே மேலேறி, அப்புறம் பனிமேட்டைச் சுற்றிப் போகிறது. ஒருகாலத்தில் அந்த இடுக்கு முழுக்கப் பனி. படிபோல் வெட்டி ஏறிவிடலாம். இப்போது பனி இறங்கிவிட, வெறும் பாறையும் உதிரும் கல்லுமாகிவிட்டது. இரும்புக்கயிறு பொருத்தியிருக்கிறார்கள். கல் விழுவதுதான் இன்றைய பயம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வழிநூலை நம்பி யாரும் இங்கே போக முடியாது.

பனி போன பிறகு

ஃபென்ட்டில் பனியாறு அழகுக்காக நிற்கும் பொருளாக இருந்ததே இல்லை. 1600 வாக்கில் ஃபெர்னாக்ட் பனியாறு திடீரென்று வேகமெடுத்துக் கீழே வந்து ரோஃபன் பள்ளத்தாக்கைக் குறுக்கே அடைத்தது. பின்னால் தண்ணீர் தேங்கி ஏரியானது. பனி அணை உடைந்தால் ஓட்ஸ்டால் முழுக்க வெள்ளம். 1678, 1680, 1845, 1848 ஆகிய ஆண்டுகளிலும் இப்படி நடந்தது. அணையைப் பார்க்க அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். 1601-ல் அப்படி வரையப்பட்ட ஒரு படம் இன்னும் இன்ஸ்புருக்கில் இருக்கிறது. பனியாறு ஒன்றைக் காட்டும் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று. இங்கே பனியாற்று ஆராய்ச்சி பிறந்ததே கீழே வாழ்ந்தவர்களின் அச்சத்திலிருந்துதான்.

1889-ல் ஸெபாஸ்டியான் ஃபின்ஸ்டர்வால்டர் புகைப்படங்களைக் கொண்டு அதே ஃபெர்னாக்ட் பனியாற்றைத் துல்லியமாக அளந்து வரைபடம் போட்டார். 1973 முதல் அந்தப் பனியாற்று ஓடையில் நீர் அளவு பதிவாகிறது. பக்கத்திலிருக்கும் ஹின்டர்ஐஸ் பனியாற்றில் 1952-53 முதல் ஆண்டுதோறும் எவ்வளவு பனி சேர்ந்தது, எவ்வளவு போனது என்று கணக்கெடுக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான கணக்கு உள்ள பனியாறுகள் கொஞ்சம்தான். குளிர்காலத்தில் சேர்ந்த பனி முழுவதும் தீர்ந்து, பனியாறு தன் பழைய சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்கும் நாளை அங்கே தனியாகக் குறித்துவைக்கிறார்கள். 2022-ல் அது ஜூன் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. கோடையே அப்போதுதான் தொடங்குகிறது.

நடப்பவர்களுக்கு இதனால் என்ன? பனியாறு சுருங்கும்போது அதன் இருகரையிலும் அது தாங்கிப் பிடித்திருந்த கல்லும் மண்ணும் ஆதாரம் இழந்து சரிகின்றன. பனிமேல் நேராகப் போன வழிகள் இப்போது இந்தச் சரளைச் சரிவுகளைச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. உயரத்தில் பாறை விரிசல்களுக்குள் ஆண்டு முழுக்க உறைந்துகிடக்கும் பனி, சிமென்ட் போலப் பாறையைப் பிணைத்து வைத்திருக்கிறது. அது இளகினால் மலையே உதிரும். 2023 ஜூனில் டிரோலின் மேற்குக் கோடியில், ஸில்வ்ரெட்டா மலைத்தொடரில் இருக்கும் ஃப்ளூக்ட்ஹோர்ன் சிகரத்தின் உச்சி, அங்கே நட்டிருந்த சிலுவையோடு சரிந்து விழுந்தது. சிகரம் அசையாது என்ற நம்பிக்கையோடு வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய அதிர்ச்சி.

நாட்டெல்லைகூட நகர்கிறது. எல்லைக்கோடு நீர் இருபுறமும் பிரியும் மேட்டைத் தொடர்ந்து போகிறது. அந்த மேடு பனியால் ஆனதாக இருக்கும் இடங்களில், பனி உருக உருக மேடும் இடம் மாறுகிறது. ஆஸ்திரியாவும் இத்தாலியும் இந்த நகரும் எல்லையை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, ஃபென்ட்டில் நடை என்பது மறுபடி பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உயரப் பனிவழிகள் ஒவ்வொன்றாகக் கடினமாகின்றன. மேய்ப்பர்கள் நடந்த பள்ளத்தாக்கு வழிகள், கணவாய் வழிகள், குடிலுக்குக் குடில் போகும் பக்கவாட்டுப் பாதைகள் நிலைத்து நிற்கின்றன. ப்ரெஸ்லாவர் குடிலிலிருந்து ஃபெர்னாக்ட் குடிலுக்குப் போகும் ஸாய்ஃபர்ட் வழி அப்படியான ஒன்று. பெரிய ஏற்றமில்லாமல் மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும்.

அந்தப் பாதைகளின் பக்கம் நிற்பதாக ஊரும் முடிவெடுத்திருக்கிறது. ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் 2008-ல் 'மலையேறிகளின் கிராமங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த ஊர்களில் ஃபென்ட்டும் ஒன்று. பெரிய லிஃப்ட் வலையமைப்பு இல்லாமல், நடப்பவர்களை நம்பிப் பிழைப்போம் என்பது அதன் சாரம். பக்கத்து ஸோல்டன் பனியாற்றுச் சறுக்குக்குப் பேர்போன ஊர். ஃபென்ட்டோ நிர்வாக ரீதியில் அதன் ஒரு பகுதி. அந்த அருகாமையில் இப்படி ஒரு முடிவை எடுத்து நிற்பது சுலபமில்லை. ஊருக்கு வருமானம் வேண்டும் என்று ஸென் அன்று பட்ட கவலை இன்றும் ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு நாளில் வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், இரண்டு மூன்று இரவு தங்கி நடக்கிறவர்கள் வந்தால்தான் இந்த வழி நிலைக்கும்.

சரி, நடக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆல்ப்ஸில் நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய முறை உண்டு. ஒரு மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், சமதளமாக 4 கிலோமீட்டர். ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் நேரத்தையும் தூரத்துக்கு ஆகும் நேரத்தையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைச் சேர்க்கவேண்டும். ஃபென்ட்டிலிருந்து மார்ட்டின் புஷ் குடிலுக்கு 600 மீட்டர் ஏற்றம், 2 மணி. ஏழெட்டுக் கிலோமீட்டர், அதுவும் 2 மணி. மொத்தம் 3 மணி. பழகிய கால்களுக்கு அரை மணி குறையும்.

பாதைகளில் பாறையிலும் மரத்திலும் சிவப்பு-வெள்ளை-சிவப்புக் கோடு தீட்டியிருக்கும். பலகையில் சிவப்புப் புள்ளி இருந்தால் நடுத்தரக் கடினம், கருப்புப் புள்ளி இருந்தால் தடுமாறினால் உயிருக்கே ஆபத்தான இடங்கள் உள்ள பாதை. சிவப்புப் பாதையை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. குறுகலான, செங்குத்தான இடங்கள் அதிலும் வரும்.

உயரம் 100 மீட்டர் கூடினால் சராசரியாக 0.65 டிகிரி குளிர் கூடும். ஊரில் 15 டிகிரி இருந்தால் க்ராய்ட்ஸ்ஷ்பிட்ஸ உச்சியில் 5 டிகிரிதான், காற்று அடித்தால் அதைவிடக் குறைவாகவே உறைக்கும். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். அதனால் முதல் நாளே உச்சிக்கு ஓடாமல் ஒரு குடிலில் இரவு தங்கிப் போவது உடம்புக்கு நல்லது. கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். முகட்டில் நிற்கும்போது இடி கேட்டால் ஏற்கெனவே தாமதம். விடியலுக்கு முன்பே கிளம்பும் மேய்ப்பர்களுக்கும் மலையேறிகளுக்கும் காரணம் ஒன்றுதான்: இரவில் இறுகிய பனி காலையில் பாரத்தைத் தாங்கும், வெயில் ஏறினால் கால் புதையும்.

குடில்களில் வருகைப் பதிவேடு இருக்கும். எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதவேண்டும். சடங்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் போய்ச் சேராவிட்டால் மீட்புக்குழு முதலில் புரட்டுவது அதைத்தான். ஆஸ்திரியாவில் மலை மீட்புக்கு 140. தொலைபேசி எட்டாத இடத்தில் ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஒலியோ ஒளியோ, அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. பார்த்தவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் தருவார்கள்.

மூன்று நாள் இருந்தால் முதல் நாள் ஹோலர் ஷ்டைன் வழியே மார்ட்டின் புஷ் குடிலுக்குப் போய்த் தங்கலாம். இரண்டாம் நாள் நீடர்யோஹ் ஏறி, வானிலை நன்றாக இருந்து, பாறையில் நடக்கும் பழக்கமும் இருந்தால் முகட்டு வழியாக டீசன்யோஹ் வரை போய், ஓட்சி கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் எழுப்பியிருக்கும் கல்தூணைப் பார்த்துவிட்டுக் குடிலுக்குத் திரும்பலாம். மூன்றாம் நாள் க்ராய்ட்ஸ்ஷ்பிட்ஸ, அப்புறம் இறக்கம். செப்டம்பர் நடுவில் போனால் நீடர்டாலில் ஊர் திரும்பும் மந்தை எதிரே வரக்கூடும். பாதையில் நிற்காமல், மேட்டுப்பக்கமாக ஏறி ஒதுங்கிக்கொள்ளுங்கள். பள்ளத்துப்பக்கம் நின்றால் ஆடுகள் நெருக்கிக்கொண்டு வரும்போது கால் வைக்க இடம் இருக்காது. அசையாமல், சத்தம் போடாமல் இருங்கள். மந்தை முழுக்கக் கடந்துபோக நேரம் பிடிக்கும். கடைசி ஆட்டுக்குப் பின்னால் மேய்ப்பரும் நாயும் வருவார்கள். அவர்களும் தாண்டிய பிறகு பாதையில் இறங்கினால் போதும்.